பொருத்தனைப் பெட்டி

பொழுது விடிந்ததிலிருந்து யேசுரத்தினத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போனார், முகம் கழுவாமலே திரும்பி வந்தார். மரச்சீனிக் கிழங்கு விளைக்கு மண்வெட்டியோடு போனவர் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். செல்லபாய் கொண்டுவைத்த கருப்பட்டிக் காப்பி ஆறி, அதில் எறும்பு ஏறியது.

இருக்காதா பின்னே? கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன மகன் ராஜையனைப் பற்றி நேற்று சாயந்திரம்தான் முதல் தகவல் வந்திருந்தது. கொழும்புக்குக் கருவாடு ஏற்றும் குளச்சல் வியாபாரி கபிரியேல், குழித்துறைக்கு ஒரு காரியமாக வந்தவர், வழியில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போனார். முடுக்கில் நின்று யேசுரத்தினத்தோடு வெகுநேரம் பேசினார். வீட்டுக்குள் வந்து யேசுரத்தினம் சொன்னது இரண்டே வரி. பையன் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான். சுகமாக இருக்கிறான்.

செல்லபாய் அப்படியே அடுக்களைத் தரையில் முழங்கால் படியிட்டு ஜெபம் பண்ணினாள். அவளுடைய ஜெபம் முடிவதற்குள் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று. மகள் ஜெபகனிக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அண்ணன்மேல் அவளுக்கு ஒரு கோபம் அடிவயிற்றில் கிடந்தது. அதை ஜெபத்தில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கோபத்துக்குக் காரணம் அந்தத் தேன்பெட்டி.

போன வருஷம் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு, படித்துவிட்டு சும்மா இருந்த ராஜையன் போய்ப் படித்து வந்தான். சட்டம் சட்டமாகக் கழற்றி மாட்டுகிற மரப்பெட்டி ஒன்றோடு வந்தான். சிதறால் மலையடிவாரத்தில் ஒரு பலாமரப் பொந்திலிருந்து கூட்டைப் பிடித்து அதில் குடியேற்றினான். ஊரே வந்து பார்த்தது. சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்திலேயே அவனைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். இளைஞர்களெல்லாம் இப்படி முன்னுக்கு வரவேண்டும் என்றார். அவ்வளவுதான், ராஜையனுக்கு அலுத்துவிட்டது. ஆரம்பத்தில் சூரன், பிறகு அவன் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

பெட்டி ஜெபகனியின் கைக்கு வந்தது. மிஷன் பெண்பள்ளியில் வாத்தியார் வேலை பார்க்கிறவள் அவள். எறும்பு ஏறாமல் பெட்டியின் காலுக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைத்தவள் அவள். ஐப்பசி மழையில் பூ இல்லாமல் தேனீக்கள் வாடியபோது கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊட்டியவளும் அவள்தான். கொட்டு வாங்கி வாங்கி இடது கை வீங்காத வாரமில்லை.

சனிக்கிழமை சாயந்திரங்களில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து காட்டுவாள். ராணி எது, வேலைக்காரி எது, சோம்பேறி ஆண் எது என்று சொல்லித்தருவாள். பிள்ளைகளின் அம்மாமாருக்கு இதில் பயம் உண்டு. கன்னத்தில் கொட்டி முகம் கோணிப்போனால் எவன் கட்டுவான் என்பது அவர்கள் கவலை. பிள்ளைகளுக்கோ அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்பதுதான் கவலை.

இந்த வாரம் அந்தக் கவலை நாலு மடங்காகியிருந்தது. தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுக்கிற மார்த்தாண்டத்து சார் திங்கட்கிழமை காலிப் பெட்டி ஒன்றோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கூடு பலமாக இருந்தால் இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பெட்டியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவார். அவர்களுக்கே சொந்தமாக ஒரு பெட்டி. எட்டூரிலும் எந்தப் பெண்பிள்ளைக்கும் இல்லாதது.

அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் ஜெபகனி சனிக்கிழமை காலையிலே மார்த்தாண்டத்துக்குப் புறப்பட்டாள். படியிறங்கும்போது யேசுரத்தினம் எதிரே வந்து நின்றார்.

பெட்டியில் தேன் கிடக்கிறதா என்று கேட்டார். மேல்தட்டில் நிறையக் கிடக்கிறது, திங்கட்கிழமை சார் வரும்வரை தொடக்கூடாது என்று அவள் சொன்னாள். அவர் பெட்டி இருந்த தென்னைமரத்தின் அடியைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே ஜெபகனி நடந்தாள். அதை நின்று கேட்டிருந்தால் பின்னால் வந்த பாடெல்லாம் வந்திராது.

மார்த்தாண்டத்து சார் நல்ல மனிதர், பேச்சுதான் கொஞ்சம் நீளம். கட்டாயம் வருகிறேன் என்றார். பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைக்கச் சொன்னார். அதுவரை பெட்டியை ஒருவரும் அசைக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நம் நாட்டுத் தேனீக்கு ரோஷம் அதிகம், மனசு கெட்டால் கட்டின கூட்டையும் வைத்த தேனையும் போட்டுவிட்டுப் போயே போய்விடும் என்றார். ஜெபகனி தலையாட்டிக்கொண்டே நின்றாள். வெயில் ஏறுமுன் வீடுபோய்ச் சேரவேண்டும் என்று அவள் கால் பரபரத்தது.

மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. குழித்துறைப் பாலத்தில் ஆற்றுக்காற்று கொஞ்சம் அடித்தது, அதற்கும் அவள் நிற்கவில்லை. வீட்டு முடுக்கில் திரும்பும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. தென்னைமூட்டில் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. ஆனால் வரிசையில்லாமல், திக்குத் தெரியாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

கிட்டப் போனாள். தண்ணீர் ஊற்றிய சிரட்டைகள் நாலும் இருந்தன. பெட்டி இல்லை.

வயலுக்கும் விளைக்கும் தேன் தேடிப்போன ஈக்கள் ஒவ்வொன்றாக வந்து, பெட்டி இருந்த வெற்றிடத்தைத் தடவிப்பார்த்துவிட்டு, தென்னையின் தடியில் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தன. ஜெபகனி அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, பெட்டி எங்க?"

செல்லபாய் அடுக்களையிலிருந்து வெளியே வராமலே பதில் சொன்னாள். அப்போதே தெரிந்துவிட்டது, இவளுக்கும் இதில் சம்மதமில்லை என்று.

"உனக்க அப்பா கோயிலுக்குக் கொண்டுபோனாவ. ராஜையனப்பற்றி நல்ல சேதி கெடைச்சா அவனுக்க பெட்டியில எடுக்குத முதல் தேன ஆண்டவருக்குத் தாறன்னு பொருத்தனை பண்ணியிருந்தாவளாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும், கேட்டியா."

"தேனுதானே பொருத்தனை? பெட்டிய எதுக்குத் தூக்கினாவ?"

அது செல்லபாய்க்கும் தெரியவில்லை. ஆள் கூட்டி, கம்பு கட்டி, உச்சிவெயிலில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுமட்டும் சொன்னாள். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தான் சொன்னதாகவும், அவர் அதைக் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

முதற்பலன் கொடுப்பது அந்தச் சபையில் புதிதல்ல. முதல் குலை தள்ளின வாழை, முதல் காய்ப்புப் பலாச்சக்கை, பேட்டுக்கோழி இட்ட முதல் முட்டை எல்லாம் சனிக்கிழமையே ஆலயத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். கொடுத்தவனே கேட்டாலும் ஏலத்தில் எடுத்துத்தான் திரும்பக் கொண்டுபோக முடியும். யேசுரத்தினம் அந்தச் சபையின் டீக்கன். சபைச் சட்டத்தில் ஒரு நூல் பிசகினாலும் ஊரையே நிற்கவைத்துக் கேட்கிற மனிதர். வாழைக்குலைக்குச் சரிதான். உயிருள்ள கூட்டை ஒரு ராத்திரி ஒரு பகல் அங்கே போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யார் சொல்ல?

ஜெபகனி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓடினாள்.

ஆலயத்துக்குள்ளே நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பெட்டி ஒரு வாழைக்குலைக்கும் இரண்டு சக்கைக்கும் நடுவே மேஜைமேல் இருந்தது. உள்ளே ஆயிரமாயிரம் ஈக்கள் சிறகடித்து இரைந்துகொண்டிருந்தன. வாசல் துவாரத்தில் யேசுரத்தினம் தோளில் போடும் நேரியல் இறுக்கித் திணித்திருந்தது. ஆராதனை இடத்தில் ஈ பறக்கக்கூடாதாம். மூச்சுமுட்டிச் சாகட்டும், பறக்கமட்டும் கூடாது!

யேசுரத்தினம் பக்கத்து பெஞ்சில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். மணி அடிக்கிற ஞானம் மூலையில் விளக்குமாற்றோடு நின்றான்.

ஜெபகனி மூடியில் கை வைத்தாள். சுட்டது.

"அப்பா, துணிய எடுங்க."

"கர்த்தருக்குக் குடுத்தாச்சு மக்களே. இனி நம்மொ தொடப்பிடாது. நாளைக்கு ஏலத்துல பாப்போம்" என்றார் யேசுரத்தினம் மகளிடம்.

நாளைக்கு ஏலத்தில் விட ஒன்றும் மிஞ்சாது என்று அவள் சொன்னாள். உள்ளே மெழுகு இளகித் தேன் வடிந்து ஈயெல்லாம் அதில் ஒட்டிச் செத்துக்கொண்டிருக்கும் என்று சொன்னாள். வீட்டில் தென்னைமூட்டில் அப்பிக்கொண்டிருக்கும் ஈக்களைச் சொன்னாள். இருட்டுமுன் பெட்டி அதே இடத்துக்குப் போகாவிட்டால் பாதிக்கூடு அங்கே சாகும், பாதிக்கூடு இங்கே சாகும் என்றாள். யேசுரத்தினம் எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் நகரவில்லை. பெட்டியைப் பார்க்கவும் இல்லை.

"ராஜையனுக்க பெட்டி. அவனுக்காக நான் நேர்ந்தேன். நீ எடையில வராண்டாம்" என்றார்.

அந்த வார்த்தையில் ஜெபகனிக்குள் இத்தனை நாள் கிடந்த கோபம் கரையுடைத்துக்கொண்டது. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண், டீக்கன் மகள், பள்ளிக்கூடத்து வாத்தியார், ஆலயத்துக்குள் நின்றுகொண்டு குரலை உயர்த்தினாள்.

"அவன் வச்சான், போனான். எனக்கக் கையப் பாருங்க. கொட்டு வாங்கினது நான். மழையில சாவாம காப்பாத்தினது நான். பிள்ளையளக் கூட்டிப் படிச்சுக் குடுத்தது நான். உங்களுக்க பொருத்தனைய நீங்க குடுங்க அப்பா. எனக்க பொருளக் குடுக்காதீங்க."

ஞானத்தின் விளக்குமாறு பாதியில் நின்றுவிட்டது. அதற்குப்பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை, நேரியலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கோபத்தோடு அடைபட்டுக் கிடந்த கூட்டம் ஒரே வீச்சில் வெளியே வந்தது. ஞானம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தில் வாசல்படியில் செருப்பொன்று தங்கிவிட்டது. யேசுரத்தினத்தின் பிடரியில் இரண்டு கொட்டு விழுந்தது. அவர் ஓடவில்லை, கையை ஓங்கவுமில்லை. அடிவாங்குகிற மாடு மாதிரி நின்றார். அது ஜெபகனியைக் கலங்கடித்தது. கோபித்திருந்தால் அவளுக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

வெளியே வந்த ஈக்கள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் போயின. உள்ளே இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. பெட்டி இன்னும் மேஜைமேல்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட அவளுக்கு உரிமையில்லை. அவளாக எடுத்தால் நாளைக்கு அப்பா சபைக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. எடுக்காவிட்டால் கூடு போயிற்று.

சாயந்திரப் பாடத்துக்கு வீட்டுக்கு வந்து, பெட்டியைக் காணாமல் விசாரித்துக்கொண்டு பிள்ளைகள் அப்போது ஆலய முற்றத்துக்கு வந்துசேர்ந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெபகுமாரி. பேச்சில் கத்தரிக்கோல் வைத்திருக்கிற பெண். ஜெபகனி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். தேனை இப்போதே எடுத்தால் பொருத்தனை தீரும், பெட்டியை விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் தேன் போனால் கூடு மெலிந்துபோகும். மெலிந்த கூட்டை சார் பிரிக்கமாட்டார். அவர்களுடைய பெட்டி இந்த வருஷம் வராமலே போகலாம்.

பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் ஒருத்திக்கு உதடு பிதுங்கியது. ஜெபகுமாரிதான் பேசினாள்.

"இது செத்தா நமக்குப் பிரிக்கதுக்கு என்னக்கா இருக்கு? தேன எடுங்க. நான் சட்டத்தப் பிடிக்கேன்."

ஜெபகனி திரும்பி அப்பாவிடம் போனாள். இப்போது குரல் தணிந்திருந்தது. "நீங்க நேர்ந்தது தேன். முழுத்தேனையும் நான் எடுத்துத் தாறன், ஒரு சொட்டு வைக்காம. பெட்டிய விடுங்க அப்பா."

யேசுரத்தினம் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். வேப்பமர நிழலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்துப் புகை போட்டு, மேல்தட்டைத் திறந்தாள். பயந்த அளவுக்குச் சேதமில்லை. ஒரு அடை மட்டும் இளகிச் சரிந்திருந்தது. ஜெபகுமாரி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். முழங்கையில் ஒன்று கொட்டியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர சட்டத்தை விடவில்லை. மற்றவர்கள் வேப்பங்கொழுந்தால் ஈயைத் தள்ளினார்கள். அடைகளை அறுத்துத் துணியில் பிழிந்து, ஐயர் வீட்டிலிருந்து வாங்கிவந்த வெண்கலப் பானையில் வடித்தார்கள். பொன்னிறத் தேன், வேம்பும் தென்னம்பூவும் கலந்த வாசனை. பிழிந்த மெழுகடையைப் பிள்ளைகள் சப்பினார்கள். அவர்களுடைய பெட்டிதான் அந்தப் பானைக்குள் போயிருந்தது, ஆனாலும் தேன் தேன்தானே.

ஜெபகனி கீழ்த்தட்டைத் திறந்து ராணியைத் தேடினாள். கண்ணில் படவில்லை. வெளிச்சம் குறைந்துவிட்டது. அதிகம் கிளறவும் பயம். முட்டை இருக்கிறது, ராணியும் இருப்பாள் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொண்டாள் என்பதுதான் உண்மை.

யேசுரத்தினம் தேன்பானையைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். பொழுது சாய்ந்ததும் வாசலில் மெல்லிய துணி கட்டி, பெட்டியைக் கம்பில் ஏற்றி, அப்பா ஒரு முனையும் மகள் ஒரு முனையுமாகத் தோளில் வைத்துப் பைய நடந்தார்கள். பிள்ளைகள் முன்னால் போய்க் கல்லையும் முள்ளையும் எடுத்துப்போட்டார்கள்.

தென்னைமூட்டில் பெட்டியை அதன் கால்தடத்திலேயே வைத்து, சிரட்டையில் புதுத்தண்ணீர் ஊற்றி, துணியை அவிழ்த்தாள். தடியில் அப்பியிருந்த கொத்து முதலில் அசையவில்லை. பிறகு ஒன்று இறங்கியது. வாசலில் நின்று வாலைத் தூக்கிச் சிறகடித்தது. அதைத் தொடர்ந்து கொத்து முழுவதும் உருகி வழிவதுபோல் உள்ளே போயிற்று. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நாளைக் காலை எழுந்து வந்து பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

யேசுரத்தினம் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை.

"இனி நிக்குமா மக்களே?"

"நாளைக்கு வெயிலு வந்தாத்தான் தெரியும். மனசு கெட்டிருந்தா போயிரும்."

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். கொட்டின இடம் வீங்கியிருந்தது. ஜெபகனி சுண்ணாம்பு எடுத்துவர எழுந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உனக்குத் தெரியாண்டாமா, பெட்டிய எதுக்குத் தூக்கினேன்னு." அவர் அடுக்களைக் கதவைப் பார்த்துக்கொண்டார். "கபிரியேல் சொன்னதுல பாதியத்தான் நான் வீட்ல சொன்னேன். ராஜையன் அங்கன ஒரு பெண்ணக் கெட்டிட்டான். அந்தக் கடைக்காரனுக்க மகளாம். இனி ஊருக்கு வாறதா இல்லன்னு சொல்லச் சொன்னானாம்."

ஜெபகனியும் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்க அம்மை தெனமும் இந்தப் பெட்டியக் காட்டி, இது இருக்கில்லா, அவன் வருவான், வருவான்னு சொல்லுதா. ராத்திரி முழுக்க எனக்குக் கண்ணு மூடல்ல. காலையில இதப் பாக்கவே முடியல்ல மக்களே. கண்ணுல படாம போனாப் போதும்னு தூக்கினேன்."

காலையில் தென்னைமூட்டைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது இதனால்தான். ஆலயத்தில் தான் பேசின வார்த்தை ஒவ்வொன்றும் ஜெபகனிக்கு இப்போது திரும்பவந்து கொட்டியது. பேசினது பொய்யில்லை. ஆனாலும் வலித்தது.

"அம்மைகிட்ட எப்பம் சொல்லப்போறீங்க?"

அவர் பதில் சொல்லுமுன் அடுக்களைக் கதவு திறந்தது. செல்லபாய் கையில் சிம்னி விளக்கோடும் சுண்ணாம்பு டப்பாவோடும் வந்தாள். அவள் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத தெளிச்சல். பெட்டி திரும்பி வந்ததில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

இருட்டில் உட்கார்ந்து இரண்டுபேருக்கும் என்ன பேச்சு என்று கேட்டாள். தேனீ நாளைக்கும் நிற்குமா என்று அப்பா கேட்கிறார் என்று ஜெபகனி சொன்னாள்.

"நிக்காம? இவ்வளவு நாள் இருந்த வீட்ட விட்டுட்டு எங்க போயிரும்?" என்றாள் செல்லபாய், புருஷனின் பிடரியில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே. "பாத்துக்கிடுங்க, ஜெபகுமாரிட்ட ஆளு விட்டுச் சொல்லி ஒரு குப்பி தேன் நான் தனியா வாங்கி வச்சிருக்கேன். ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு. திங்கக்கெழமை நானே குளச்சலுக்குப் போயி கபிரியேல் கையில குடுத்து, எனக்க பிள்ள எப்பம் வாறான்னு கேட்டுட்டு வாறேன்."

யேசுரத்தினம் விளக்கைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"நானும் வாறேம்மா" என்றாள் ஜெபகனி. திங்கட்கிழமை மார்த்தாண்டத்து சார் வருகிற நாள் என்பது சொன்னபிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.